மெட்னரும் மைசூரும்: பியானோ இசைத்தட்டு வரலாற்றில் ஒரு சமஸ்தான அத்தியாயம்

1903 மே மாதம் சிங்கப்பூரில் இறங்கி மலாய்ப் பாடகர்களைப் பதிவு செய்துகொண்டு போன அமெரிக்கர் பிரெட் கெய்ஸ்பெர்க் அடிப்படையில் பியானோக்காரர். வாஷிங்டனில் இளவயதிலேயே பாடகர்களுக்குப் பியானோவில் பக்கவாத்தியம் வாசித்து ஒலிப்பதிவுத் தொழிலுக்குள் வந்தவர். பிறகு தட்டு வடிவில் இசையைப் பதியும் முறையைக் கண்டுபிடித்த எமில் பெர்லினரிடம் சேர்ந்தார்; 1898இல் லண்டன் கிராமபோன் கம்பெனிக்குப் போனார். 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பாடவைத்துப் பதிவு செய்த கையோடு ஜப்பான், சீனா, சிங்கப்பூர், சயாம், பர்மா என்று சுற்றினார். எடுத்த மெழுகுப் பதிவுகள் ஜெர்மனியின் ஹானோவர் நகரத் தொழிற்சாலைக்குக் கப்பலேறின. அங்கே தட்டாக அச்சாகி மறுபடியும் கீழை நாடுகளுக்கு விற்பனைக்கு வந்தன.

மலாயாவில் அந்தத் தட்டுகள் யார் கடையில் கிடைத்தன என்று தேடினால் பியானோக் கடைகளில்தான் போய் நிற்க வேண்டும். சிங்கப்பூரில் ராபின்சன் பியானோ கம்பெனியும், ஷாங்காயை மையமாகக் கொண்ட மூட்ரி கம்பெனியும் பியானோவோடு சேர்த்து கிராமபோன் பெட்டியும் தட்டும் விற்றன. ஆனால் பியானோக் கடையில் விற்ற தட்டுகளில் பியானோ சொற்பம். பாட்டுதான் மிகுதி. பியானோ இருந்தாலும் அது பாடகருக்குப் பின்னால் ஒதுங்கி நின்றது. கெய்ஸ்பெர்க்கே பியானோக்காரர் என்ற போதிலும் அந்த வாத்தியத்துக்கு அவரால் அப்போது பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை.

மேற்கத்தியச் செவ்வியல் பியானோ இசை தட்டுக்கு வந்த கதையைப் பெரும்பாலும் கருவிகளின் கதையாகவே சொல்கிறார்கள்: உருளை, தட்டு, ஒலிவாங்கி, நாடா, குறுந்தட்டு. அந்தக் கதை பொய்யில்லை, பாதிதான். எந்தக் கலைஞர், எந்த உருப்படி, எவ்வளவு முழுமையாகப் பதிவாவது என்பதைக் கருவியைவிடக் காசு கொடுத்தவரே பல முறை தீர்மானித்திருக்கிறார். அப்படிக் கொடுத்தவர்களில் ஒருவர் தென்னிந்தியர், மைசூர் மகாராஜா ஜயசாமராஜேந்திர உடையார். அவருடைய செயலை மேல்நாட்டு மோகம் கொண்ட ராஜாவின் செல்லச் செலவு என்று தள்ளிவிடுவது எளிது. நம் சமஸ்தானங்கள் வாக்கேயக்காரர்களைப் பேணிய முறையின் நீட்சியாக அதைப் படிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

குழலுக்கு அடங்காத வாத்தியம்

பியானோப் பதிவின் தொடக்கம் தட்டுக்கும் முந்தியது. 1887இல் அமெரிக்கா சென்று கச்சேரி செய்த போலந்துச் சிறுவன் ஜோசப் ஹாஃப்மன், அந்தப் பயணத்தின்போது எடிசனின் ஆய்வுக்கூடத்தில் மெழுகு உருளைகளில் வாசித்தான். அவை தொலைந்துபோயின. 1889 டிசம்பர் 2 அன்று வியன்னாவில் எடிசனின் ஆள் தியோ வாங்கெமன் முன்னிலையில் பிராம்ஸ் தன்னுடைய முதல் ஹங்கேரிய நடனத்தின் ஒரு பகுதியை வாசித்தார். அது தப்பித்தது. தகரக் கூரையில் அடித்துப் பெய்யும் மழைக்கு நடுவே பக்கத்து வீட்டில் யாரோ வாசிப்பதைக் கேட்பது போலிருக்கும். இடக்கையின் தாளம் கொஞ்சம் பிடிபடும், மேல் சுரங்கள் தலைகாட்டி மறையும். மாஸ்கோவில் ஜூலியஸ் பிளாக் என்ற வணிகர் 1890களில் தானியேவ், அரென்ஸ்கி போன்றவர்களைப் பதிவு செய்த உருளைகள் நூறாண்டுக்கு மேல் கண்ணில் படாமல் கிடந்து, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் புஷ்கின் இல்லத்தில் அகப்பட்டன. 2008இல் மார்ஸ்டன் நிறுவனம் அவற்றைக் குறுந்தட்டாக வெளியிட்டது. ரஷ்யப் பியானோ மரபைப் பற்றி இதுவரை புத்தகத்தில் படித்ததைக் காதால் சோதிக்க அவை வழி செய்தன.

மின்சாரம் வருவதற்கு முன், பதிவு அறையில் இருந்தது ஒரு கூம்புக் குழல். ஒலி அதற்குள் புகுந்து ஒரு மெல்லிய தகட்டை அதிரவைக்க வேண்டும். அந்தத் தகடு ஊசியை அசைக்க வேண்டும். ஊசி மெழுகில் கீற வேண்டும். இடையில் எந்தப் பெருக்கியும் கிடையாது. கலைஞனின் மூச்சோ கையோ தரும் விசையே முழு மூலதனம். ஏறத்தாழ 200 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரையான ஒலிதான் ஓரளவு பிடிபடும். பியானோவின் அடிச் சுரம் 27.5 ஹெர்ட்ஸ், உச்சிச் சுரம் 4,186 ஹெர்ட்ஸ். அதாவது வாத்தியத்தின் கீழ்ப்பகுதியில் பெரும்பங்கின் அடிநாதமும், மேற்பகுதியின் மினுக்கும் குழலுக்கு எட்டாது. அதோடு பியானோவின் ஒலி சுத்தியல் விழுந்த கணத்தில் உச்சத்தில் இருந்து உடனே தேயத் தொடங்குவது. அடி பலமாக விழுந்தால் ஊசி துள்ளும். மெதுவாக விழுந்தால் மெழுகில் கீறலே விழாது. பியானோவின் மூடியைக் கழற்றினார்கள். மேடை கட்டி வாத்தியத்தைக் குழல் மட்டத்துக்குத் தூக்கினார்கள். பெரிய பியானோவை விட்டுச் சுவரோரம் நிற்கும் சிறிய பியானோவைக் குழலுக்கு முதுகு காட்டி வைத்தார்கள். கலைஞரிடம் ஒரே சீரான பலத்தோடு வாசிக்கச் சொன்னார்கள். மென்மை, கனம் என்ற வேறுபாட்டுக்காகவே பிறந்த வாத்தியத்தை அந்த வேறுபாடு இல்லாமல் வாசிக்கச் சொன்னால் என்ன மிஞ்சும்?

ஆனாலும் மிஞ்சியது. 1903இல் பாரிஸில் ரவூல் புய்ன்யோவும், நார்வேயின் கிரீக்கும் வாசித்தார்கள். கிரீக்கின் தட்டுகள் ஒன்பது பக்கம். 1904இல் சேன்-சான்ஸ் வாசித்தார். அதே ஆண்டு பாடகி மேரி கார்டனுக்குத் துணையாக டெபுசி வாசித்ததும் பதிவானது. இயற்றியவரே வாசித்தது என்பதால் ஆய்வாளருக்கு இவை கல்வெட்டுக்குச் சமம். 1909இல் வில்ஹெல்ம் பாக்ஹவுஸ் கிரீக்கின் கான்செர்ட்டோவை இசைக்குழுவுடன் பதிவு செய்தார். அரை மணி நேர உருப்படி ஏறத்தாழ ஆறு நிமிடமாக வெட்டப்பட்டது.

இத்தாலிய மேதை புசோனி 1919இல் லண்டனில் பதிவு அறைக்குப் போய்விட்டு வந்து தன் மனைவிக்கு எழுதிய கடிதம், அந்தக் காலப் பதிவு அறையின் உள்நிலையைச் சொல்லும் சிறந்த ஆவணம். நீண்ட வால்ட்ஸ் ஒன்றை நான்கு நிமிடத்துக்குள் அடக்கச் சொன்னதையும், சில சுரங்களை அழுத்தியும் சிலவற்றை அமுக்கியும் வாசிக்க வேண்டியிருந்ததையும், பெடலைத் தொடத் தயங்கியதையும், ஒவ்வொரு சுரமும் நிரந்தரமாகப் பதியப் போகிறது என்ற பயத்தையும் அதில் கொட்டியிருக்கிறார். ராக ஆலாபனையை மூன்றரை நிமிடத்தில் முடித்துக் கிருதியையும் திணித்த நம் வித்வான்களுக்கு இந்தப் புலம்பல் புதிதாக இருந்திருக்காது.

இங்கே தமிழ் வாசகருக்குப் பழக்கமான ஓர் ஒப்பீடு உதவும். நாகஸ்வரம் எந்தக் கருவிக்கும் அஞ்சாதது. ஊதும் வரை ஒலி தேயாது, பலமும் உண்டு. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடித் தட்டு ஊரூராக ஒலித்ததற்கு அவருடைய மேதைமையோடு வாத்தியத்தின் இந்தக் குணமும் ஒரு காரணம். வீணை பியானோவின் கட்சி: மீட்டிய கணத்தில் உச்சம், பிறகு தேய்வு. அதிலும் வீணை தனம்மாள் வாசித்த வீணை சின்ன அறைக்குள், வெள்ளிக்கிழமை மாலைகளில் சத்தம் போடாமல் உட்கார்ந்து கேட்டவர்களுக்கான வீணை. கூம்புக் குழல் அதை என்ன செய்திருக்கும் என்று யோசிக்கவே வேண்டாம். ஒலிவாங்கி வந்த பிறகு, 1932இல், அவருடைய 65ஆம் வயதில் கொலம்பியா கம்பெனி அவரைப் பதிவு செய்தது. பியானோவும் வீணையும் ஒரே தடையால் நிறுத்தப்பட்டு ஒரே கதவு வழியாக உள்ளே வந்தவை.

சந்தா கட்டிய காதுகள்

அந்தக் கதவு 1925இல் திறந்தது. அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் பொறியாளர்கள் உருவாக்கிய மின்முறைப் பதிவை விக்டரும் கொலம்பியாவும் எடுத்துக்கொண்டன. 1925 மார்ச் 21 அன்று கேம்டன் நகரில் ஆல்பிரெட் கோர்ட்டோ ஷோபினையும் ஷூபர்ட்டையும் வாசித்த பதிவு, அந்த முறையில் வெளிவந்த முதல் பியானோத் தட்டுகளில் ஒன்று. அடித்தந்திகள் முதன்முறையாகத் தட்டில் முழங்கின. இதற்கிடையே வெல்ட்டே-மின்யோன் போன்ற துளைச்சுருள் பியானோக்கள் 1904 முதல் ஒரு பக்கவழியாக ஓடிக்கொண்டிருந்தன. மாலர் 1905இலும் டெபுசி பின்னரும் அவற்றில் வாசித்து வைத்தார்கள். சுருள் எந்த விசை எப்போது விழுந்தது என்பதைக் காகிதத் துளையாகக் குறிக்கிறது. கேட்பது இன்னொரு பியானோவின் ஒலி. ஆவணம் என்ற வகையில் அதைத் தட்டோடு சேர்த்து வைக்க எனக்குத் தயக்கம் உண்டு. மின்பதிவு நிலைபெற்றதும் அந்த வியாபாரமும் படுத்தது.

கருவி தயார். அடுத்து, பெரிய உருப்படிகளை யார் பதிவு செய்வது என்ற கேள்வி. பீத்தோவனின் 32 சொனாட்டாக்களையும் முழுசாகப் பதிவு செய்தால் நட்டம் யாருக்கு? கிராமபோன் கம்பெனியில் அப்போது இளைஞராக இருந்த வால்டர் லெக் ஒரு வழி கண்டார். முதலில் பணம் கட்டுங்கள், போதிய பேர் சேர்ந்ததும் பதிவு செய்கிறோம். 1931இல் ஹூகோ வோல்ஃப் சங்கம் என்ற பெயரில் 500 சந்தாக்களைக் குறியாக வைத்து இது தொடங்கியது. ஜப்பானிலிருந்து வந்த சந்தாக்கள் கைகொடுத்தன. அடுத்த ஆண்டு பீத்தோவன் சொனாட்டா சங்கம். பதிவு அறையையே வெறுத்து வந்த ஆர்தர் ஷ்னாபெலைச் சம்மதிக்க வைத்து, 1932 முதல் 1935 வரை புதிதாகத் திறந்திருந்த அபே ரோடு நிலையத்தில் 32 சொனாட்டாக்களையும் எடுத்து முடித்தார்கள். முதல் முழுத் தொகுதி அதுதான். சறுக்கல்கள் நிறையவே உண்டு. விரல் பிசகிய இடங்கள் அப்படியே இருக்கின்றன. இன்றைய சுத்தமான தொகுதிகளை விட்டு அதைக் கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். ஷ்னாபெலைப் பதிவு அறைக்கு அழைத்து வந்ததில் பெரும்பங்கு, கல்கத்தாவிலும் சிங்கப்பூரிலும் குழலைத் தூக்கிக்கொண்டு அலைந்த அதே கெய்ஸ்பெர்க்குக்கு உண்டு.

சந்தா முறைக்கு ஓர் எல்லை இருந்தது. பீத்தோவன் என்றால் ஆட்கள் சேர்வார்கள். பெயர் பரவாத, ஆனால் வாழும் ஒரு கலைஞருக்கு? அங்கே சந்தா கைவிரித்துவிடும்.

மைசூர் அரண்மனையிலிருந்து

நிக்கொலாய் மெட்னர் 1880இல் மாஸ்கோவில் பிறந்தவர். பியானோ இல்லாமல் அவர் எழுதிய உருப்படியே கிடையாது எனலாம். ராக்மனினோவின் நெருங்கிய நண்பர்; ஒருவருக்கொருவர் ஒரு கான்செர்ட்டோவைச் சமர்ப்பித்துக் கொண்டவர்கள். 1921இல் ரஷ்யாவை விட்டு வெளியேறி, 1935இல் லண்டனில் குடியேறினார். நவீன இசையின் போக்கு அவருக்குப் பிடிக்கவில்லை. அதைக் கண்டித்து ஒரு நூலே எழுதினார். காலம் ஒரு பக்கம் போக இவர் இன்னொரு பக்கம் நின்றதால் வருமானம் சுருங்கியது. போர்க்காலத்தில் இதயநோய் வேறு.

மறுபக்கத்தில் மைசூர். ஜயசாமராஜேந்திர உடையார் 1919இல் பிறந்தார். பெரியப்பா நால்வடி கிருஷ்ணராஜ உடையார் வீணையும் வயலினும் பியானோவும் சேர்த்துப் பல வாத்தியம் கற்றவர். அரண்மனையில் கர்நாடக வித்வான்களும் மேற்கத்திய இசைக்குழுவும் ஒருங்கே இருந்தார்கள். திருநெல்வேலிச் சீமையின் அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் சாமுண்டீஸ்வரி மீது 108 கிருதிகள் இயற்றியது அந்த அரண்மனையில்தான். இளவரசர் பியானோவை விளையாட்டாகக் கற்கவில்லை. லண்டன் கில்ட்ஹால் இசைப்பள்ளியின் பட்டம் பெற்றார்; மேடைப் பியானோ கலைஞராக வேண்டும் என்றே ஆசைப்பட்டார். 1940இல் தந்தையும் பெரியப்பாவும் அடுத்தடுத்து மறைய, 21 வயதில் அரியணை. ஆசை அதோடு முடிந்தது. பின்னாளில் மைசூர் வாசுதேவாச்சாரியார் போன்றோரின் துணையோடு கர்நாடக இசைக்குத் திரும்பி, ஸ்ரீவித்யா முத்திரையில் 94 கிருதிகள் இயற்றினார். தமிழ்நாட்டில் அவரை நினைவில் வைத்திருப்பவர்கள் 1964 முதல் 1966 வரை சென்னை மாநில ஆளுநராக இருந்தவர் என்றே பெரும்பாலும் நினைவு வைத்திருக்கிறார்கள்.

1940களின் பிற்பகுதியில் மெட்னர் சங்கம் உருவானது. பெயரில் சங்கம், சந்தாதாரர் என்று சொல்லத்தக்கவர் ஒருவரே. மெட்னரின் படைப்புகள் அனைத்தையும் அவரே வாசித்துப் பதிவு செய்துவிட வேண்டும் என்பது மகாராஜாவின் திட்டம். ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ் அடையாளத்தில் தட்டுகள் வெளியாயின. 1947இல் மூன்று கான்செர்ட்டோக்களும் பதிவாயின. லெக் 1945இல் தொடங்கிய பில்ஹார்மோனியா இசைக்குழு உடன் வாசித்தது. முதலாவதற்கு ஜார்ஜ் வெல்டனும் மற்ற இரண்டுக்கும் இசாய் டோப்ரோவெனும் நடத்துநர்கள். சொனாட்டாக்கள், சிறு உருப்படிகள், பாடல்கள், ஐங்கருவிப் படைப்பு என்று தொடர்ந்தது. ஏற்கெனவே எழுதி அரங்கேற்றியிருந்த மூன்றாம் கான்செர்ட்டோவை மெட்னர் நன்றியோடு மைசூர் மகாராஜாவுக்குச் சமர்ப்பித்தார்.

அந்த அறைக்குள் நடந்ததைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் நாலரை நிமிடம் தாங்கும். நாற்பது நிமிடத்தை நெருங்கும் ஒரு கான்செர்ட்டோ ஒன்பது பக்கத்துக்குக் குறையாது. எங்கே வெட்டுவது என்று முன்கூட்டியே சுரத்தாளில் கோடு போட்டாக வேண்டும். இசைக்குழு முழுவதும் அந்தக் கோட்டில் சட்டென்று நிற்க வேண்டும். அடுத்த மெழுகை மாட்டிய பிறகு அதே காலப்பிரமாணத்தில், அதே கனத்தில் தொடங்க வேண்டும். ஒட்டுப்போடும் நாடா இன்னும் அங்கே புழக்கத்துக்கு வரவில்லை. ஒரு பக்கத்தின் கடைசி நொடியில் விரல் பிசகினாலும் அந்த நாலரை நிமிடம் முழுக்க மறுபடி. வாசிப்பவர் 67 வயது இதய நோயாளி. அந்தப் பதிவைக் கேட்கும்போது கை தளர்ந்ததாகவே தோன்றாது. நடையில் அவசரம் கிடையாது, இடக்கைக் குரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காதில் விழும். தன் இசையை இப்படித்தான் கேட்க வேண்டும் என்று உயில் எழுதும் தீர்மானம் அதில் இருக்கிறது.

இனி என் வாதத்துக்கு வருகிறேன். 1904இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ அச்சானது. முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளைக் கமகக் குறிகளோடு எழுத்தில் நிறுத்திய அந்த நூலை வெளிக்கொணரச் சென்னையின் சின்னசுவாமி முதலியார் விடாமல் வற்புறுத்தினார். செலவை ஏற்றது எட்டயபுரம் ஜமீன். சந்தைக்கு விட்டிருந்தால் அப்படியொரு நூல் வந்திருக்காது. ஒரு வாக்கேயக்காரரின் உருப்படிகளைச் சிதறாமல், பொறுக்காமல், முழுசாக, அதிகாரபூர்வமான ஒருவர் வழியே நிலைநிறுத்துவது என்பது தென்னகச் சமஸ்தானங்களுக்குப் பழகிய பணி. மைசூர் 1947இல் செய்ததும் அதே பணிதான். பொருள் மட்டும் ஏடும் அச்சும் போய் அரக்குத் தட்டு. சமர்ப்பணம் கூட நம் மரபின் வழக்கத்திலேயே இருக்கிறது. மகாராஜா மெட்னரைத் தன் அவைக்கு வரச் சொல்லவில்லை, தன் மீது பாடச் சொல்லவில்லை என்பது வித்தியாசம். ஆஸ்தான வித்வான் லண்டனிலேயே இருந்தார்.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அது லேசானதில்லை. கான்செர்ட்டோக்கள் பதிவான அதே 1947இல், செப்டம்பரில், மைசூரில் பொறுப்பாட்சி கேட்டு ‘மைசூர் சலோ’ கிளர்ச்சி வெடித்தது. அரண்மனையை நோக்கி மக்கள் திரண்டார்கள், கைதானார்கள், அக்டோபரில் கே. சி. ரெட்டி தலைமையில் மக்கள் அமைச்சரவை பதவியேற்ற பிறகே ஓய்ந்தது. லண்டனில் ஒரு ரஷ்யருக்குப் போன பவுண்டு யாருடைய உழைப்பு என்ற கேள்வியை இந்தக் கால ஒற்றுமை எழுப்பத்தான் செய்கிறது. எட்டயபுரத்தைப் பற்றியும் இதைக் கேட்கலாம், தஞ்சையைப் பற்றியும். நம் இசை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் கேட்பதில்லை. தட்டுகளின் அருமையும் இந்தக் கேள்வியும் ஒன்றையொன்று அழித்துவிடாது. இரண்டையும் கூடவே வைத்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

1949இல் லெக்கை மகாராஜா மைசூருக்கு அழைத்தார். அந்தப் பயணத்தைப் பின்னால் லெக் வியந்து எழுதினார். முப்பது வயதாகாத ராஜா, எண்ணிப் பார்க்கக்கூடிய எல்லாத் தீவிர இசைத் தட்டுகளும் அடங்கிய நூலகம், வகைவகையான ஒலிபெருக்கிகள், பல பெரிய பியானோக்கள். அவருடைய சேகரிப்பு ஏறத்தாழ 20,000 தட்டுகள் என்று அந்நாளில் மதிப்பிட்டார்கள். பில்ஹார்மோனியாவின் காலை ஊன்றவைக்க ஆண்டுக்கு 10,000 பவுண்டு என மூன்றாண்டுக்கு உறுதி கிடைத்தது. அந்த ஆதரவில் காராயான் நடத்திய பாலகிரெவ் சிம்பொனி, ரூசெலின் நான்காம் சிம்பொனி போன்ற, கடையில் விலைபோகாத உருப்படிகள் பதிவாயின. 1950 மே 22 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘கடைசி நான்கு பாடல்கள்’ முதன்முதலாக அரங்கேறியபோதும் மைசூரின் உத்தரவாதப் பணம் பின்னால் இருந்தது. அதைப் பதிவு செய்து தன் சேகரிப்புக்கு அனுப்ப வேண்டும் என்பது நிபந்தனை. ஃபிளாக்ஸ்டாட் பாட, ஃபுர்ட்வெங்லர் நடத்திய அந்த அரங்கேற்றத்தின் ஒலி நமக்குத் தேய்ந்த பதிவாகவேனும் மிஞ்சியது அந்த நிபந்தனையால்.

1950இல் மைசூர் இந்தியக் குடியரசின் மாநிலமானது, மகாராஜா ராஜப்பிரமுகரானார். மன்னர் மானியம் ஆண்டுக்கு 26 லட்சம் ரூபாய். அயல்நாட்டு இசைக்குழுவைத் தாங்கும் காலம் முடிந்தது. 1951 நவம்பரில் மெட்னர் லண்டனில் இறந்தார். முழுப் படைப்பும் என்ற திட்டம் முழுமை பெறவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் கெய்ஸ்பெர்க்கும் போய்ச் சேர்ந்திருந்தார்.

தட்டின் விதி

மெட்னர் தொகுதிகளுக்கு ஒரு துரதிர்ஷ்டம் காத்திருந்தது. 1948 ஜூனில் அமெரிக்கக் கொலம்பியா நீண்டநேரத் தட்டை அறிமுகப்படுத்திவிட்டது. பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் தாங்கும் வினைல். மெட்னர் தட்டுகளை வெளியிட்ட ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸின் தாய்க் கம்பெனியான இஎம்ஐ தயங்கித் தயங்கி 1952 அக்டோபரில்தான் அதற்கு மாறியது. இடைப்பட்ட காலத்தில் வந்த மெட்னர் தொகுதிகள் கனத்த 78 சுற்றுத் தட்டுகள். வந்த சில ஆண்டுகளிலேயே அவற்றை ஓட்டும் பெட்டிகள் பரணுக்குப் போகத் தொடங்கின.

அந்தத் தட்டின் உடம்பிலும் இந்தியா இருந்தது. கல்தூள், கரித்தூள், பஞ்சுத் தூசி ஆகியவற்றை இறுக்கிப் பிடிக்கும் பசை அரக்கு. உலகத்துக்கு அரக்கு அனுப்பியதில் முதலிடம் சோட்டா நாக்பூர் காட்டுப் பகுதிகளுக்கு. போர்க்காலத்தில் அமெரிக்கா தட்டுகளுக்கான அரக்கைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியபோது புதுப் பதிவுகள் சுருங்கியதும் இதனால்தான். அரக்கு நம் ஊர் ஈரத்துக்கு ஆகாது. பூஞ்சை பிடிக்கும், தட்டின் பள்ளத்துக்குள் பொடிப்பொடியாக வெள்ளை படரும். எஃகு ஊசி பக்கத்துக்கு ஒன்று மாற்ற வேண்டியது. மாற்றாமல் ஓட்டினால் பள்ளத்தையே சீவிவிடும். கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடு மாறும்போது குப்பைக்குப் போன தமிழ்த் தட்டுகளின் கதியும் இதுவே: பாதி பூஞ்சை, பாதி ஊசி.

பழைய தட்டுகளை இன்று மாற்றிப் பதியும் பொறியாளர் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது சுழல் வேகம். 78 என்பது பின்னால் நிலைத்த கணக்கு. 1900களின் தட்டுகள் 70இலும் ஓடின, 80ஐத் தாண்டியும் ஓடின. வேகம் தவறினால் சுருதி மாறும், காலப்பிரமாணமும் மாறும். பியானோத் தட்டில் இதற்கு ஒரு பிடி இருக்கிறது. வாத்தியத்தின் சுருதி ஏறத்தாழ நிலையானது; உருப்படி எந்தச் சுரத்தில் எழுதப்பட்டது என்பது ஏட்டில் இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டால் வேகம் பிடிபடும். கர்நாடகப் பாட்டில் அந்தப் பிடி கிடையாது. பாடகர் ஒன்றரைக் கட்டையில் பாடினாரா, இரண்டிலா? தட்டு எதையும் சொல்லாது. நாடகப் பாடகர் கிட்டப்பாவின் குரல் உண்மையில் அத்தனை உயரமா என்று விவாதிக்கிறவர்கள் முதலில் தட்டின் வேகத்தை விவாதிக்க வேண்டும். அவருக்கு அண்ணன் காசி ஐயர் வாசித்த ஆர்மோனியம் இருக்கிறதே என்றால், அதன் சுருதியும் பெட்டிக்குப் பெட்டி கொஞ்சம் வேறுபடும். என்றாலும் கையில் உள்ள சாட்சிகளில் அதுவே நல்ல சாட்சி. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஒலிபரப்பாமல் ஒதுக்கி வைத்த பெட்டி, இங்கே ஆய்வாளருக்கு உதவிக்கு வருகிறது.

மெட்னரின் பதிவுகளை 1990களில் டெஸ்டமென்ட், ஏபிஆர் ஆகிய பிரிட்டிஷ் நிறுவனங்கள் குறுந்தட்டாக மீட்டன. இன்று அவை கைப்பேசியில் கிடைக்கின்றன. மலேசியாவின் ஜெஞ்சாரோமில் உட்கார்ந்துகொண்டு, கிள்ளானுக்கும் பந்திங்குக்கும் பிள்ளைகளைப் பியானோ கிரேடு வகுப்புக்குக் கொண்டுபோய் விடும் தமிழ்ப் பெற்றோருக்கு இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். டிரினிட்டி, கில்ட்ஹால் என்ற பெயர்கள் அவர்களுக்குச் சான்றிதழில் பார்த்த பெயர்கள். அதே கில்ட்ஹாலின் பட்டத்தை வாங்கிய ஒரு தென்னிந்தியர், அந்த இசையின் வரலாற்றில் இடம்பெறும் அளவுக்கு அதற்குச் செய்தார் என்பது பரீட்சைப் பாடத்திட்டத்தில் வராத செய்தி.

ஜெஞ்சாரோமிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில், இரட்டைக் கோபுரத்தின் அடியில், பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் அரங்கு 1998 ஆகஸ்டில் திறந்தது. மலேசிய பில்ஹார்மோனிக் இசைக்குழு, நடத்துநர் கீஸ் பாக்கல்ஸ் தலைமையில் ஸ்வீடனின் பிஸ் நிறுவனத்துக்காக ரிம்ஸ்கி-கோர்சகோவின் படைப்புகளைப் பதிவு செய்தது. அந்த வரிசையில் அவருடைய பியானோ கான்செர்ட்டோவும் உண்டு. வாசித்தவர் ஜப்பானின் நோரிகோ ஒகாவா. கால் மணி நேரம்கூட ஓடாத, மேடைகளில் அரிதாகவே கேட்கும் ரஷ்ய உருப்படி. கடைக்காரர் கணக்கில் அது தேறாது. இசைக்குழுவைத் தாங்குவது பெட்ரோனாஸ் என்ற அரசு எண்ணெய் நிறுவனம். மைசூரில் அரண்மனைக் கருவூலம் செய்த வேலையைக் கோலாலம்பூரில் எண்ணெய்க் கிணறு செய்கிறது. 1903இல் பியானோக் கடைகள் தட்டு விற்ற மலாயாவில், ரஷ்யப் பியானோ இசை தட்டாகிப் புறப்பட நூறாண்டு பிடித்தது.